மூன்று நாள் துக்க விடுப்பு

நான் செத்துப்போன செய்தி எனக்கு ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனை எடுத்தால் ஒரு பெண், துக்கம் விசாரிக்கிற குரலில் இந்தியில் பேசுகிறாள். உமைரா படிக்கிற நர்ஸிங் காலேஜிலிருந்தாம். உமைராவின் தாயார் காலமானதில் எல்லோருக்கும் வருத்தமாம். மரணச் சான்றிதழ் நகல் ஒன்றை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் ஆபீசில் தரவேண்டுமாம். பேசுவது சித்தியா என்று வேறு கேட்டாள்.

சித்தி இல்லை, தாய்தான் பேசுகிறேன் என்று நானும் இந்தியிலேயே சொன்னேன்.  அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், கழுவின மீனையே திரும்பக் கழுவினேன்.

சாயங்காலம் உமைரா வந்து செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டேன்.

"உசுரோட இருக்கவள மவுத்தாக்கிட்டியேளா. லீவு வேணும்னா வேற பொய்யே கெடைக்கலியா ஒனக்கு?"

"நான் உங்கள எழுதல உம்மா."

"பின்ன யார எழுதுன?"

"அம்மாவ எழுதுனேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள்.

அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தவள் சேசம்மாள். போன வாரம் புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தாள். தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். உமைரா பிறந்த மூன்றாம் நாள் எனக்கு மஞ்சள்காமாலை முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தேன். சேசம்மாக்காவுக்கு அப்போது ஜாபெஸ் பிறந்து இருபது நாள். என் வீட்டுக்காரர் அபுதாஹிர், பை தைக்கிற பட்டறையையும் பூட்டிவிட்டு, அழுகிற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றாராம். "இங்க குடுங்க பாய்" என்று வாங்கி மடியில் போட்டவள் அவள்தான். நான் திரும்பி வந்தும் எனக்குப் பால் ஊறவில்லை. எட்டு மாதம் வரை இரண்டு பிள்ளைகளும் அவளிடம்தான் குடித்தன.

எங்கள் மார்க்கத்தில் பால்குடி உறவு சும்மா பேச்சுக்கு இல்லை. பால் கொடுத்தவள் தாய்தான். அவள் பிள்ளை கூடப்பிறந்தவன்தான். உமைரா பெரியவளானதும் முக்காடு போட ஆரம்பித்தாள். அன்றைக்கே அவள் வாப்பா, ஜாபெஸ் முன்னால் அது வேண்டாம், அவன் உன் அண்ணன் என்று சொல்லிவிட்டார். ஆக என்னை உம்மா என்றும் அவளை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள் என் மகள். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கினால் முதலில் அந்த வீட்டுக்குள்தான் ஓடுவாள். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன. இருபத்தொரு வருஷம் அதை உள்ளேயே வைத்துக்கொண்டு அவளோடு சிரித்துப் பேசியிருக்கிறேன்.

சேசம்மாக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கடைசி ஒரு மாதம் உமைராதான் அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு புண்ணாகாமல் பவுடர் போட்டு, நகம் வெட்டிப் பார்த்துக்கொண்டாள். அடக்கத்தன்று பெண்களோடு நின்று குளிப்பாட்டினாள். மூன்று நாள் ஜாபெஸோடு அந்த வீட்டிலேயே இருந்தாள். ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அந்த மூன்று நாளைத்தான் காலேஜில் துக்க விடுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இறந்தவர் உறவுமுறை என்ற இடத்தில் தாய்.

"ரூல் புக்ல தாய், தகப்பன், கூடப்பெறந்தவங்க, புருஷன், இவங்களுக்குத்தான் லீவுன்னு போட்டிருக்கு. அவங்க தாய்தானே உம்மா. நான் யோசிக்கவே இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பொய்யான தகவல் தந்ததாகக் கமிட்டிக்குப் போகுமாம். போனால் இந்த வருஷப் பரீட்சை கிடையாது. மூன்றாம் வருஷத்தை மறுபடி, தனக்குக் கீழே படிக்கிறவர்களோடு உட்கார்ந்து படிக்கவேண்டும். தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். திங்கட்கிழமை பெற்றோரோடு வரவேண்டும்.

"எழுதிக் குடுத்துத் தொலை" என்றேன். "ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சு போச்சு?"

அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவளுக்குத் தாய் ஒருத்திதான் என்று ஒரு காலேஜே முத்திரை குத்தித் தரப்போகிறது.

திங்கட்கிழமை செம்பூருக்குப் பஸ் பிடித்துப் போனோம். ஆபீசில் இருந்தவர் அனந்தகிருஷ்ணன், மாணவர் விவகாரம் எல்லாம் அவர் கையில்தான். மாட்டுங்காத் தமிழர். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார்.

"உக்காருங்கோம்மா. கோச்சுக்காம கேளுங்கோ. வேற காலேஜா இருந்தா இது சின்ன விஷயம். இங்க நாளைக்கு இவ ஒரு பேஷண்டோட சார்ட்ல எழுதப் போறா. கொடுக்காத மருந்தைக் கொடுத்தேன்னு எழுதினா உயிர் போயிடும். அதனாலதான் எழுதறதுல பொய் இருந்தா நாங்க விடறதில்லை."

அவர் சொன்னது நியாயம்தான். சண்டை போடுவதற்கென்று நான் மனதில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு தாளை உமைரா முன் தள்ளினார். இங்கிலீஷில் அடித்திருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னதால் அவரே எடுத்துத் தமிழில் சொன்னார்.

"சேசம்மாள் என்பவர் என் தாய் அல்ல. எனக்கு எந்த உறவும் இல்லாத, பக்கத்து வீட்டில் வசித்தவர். விடுப்புக்காக நான் பொய் சொன்னேன்."

உமைரா பேனாவைத் திறந்தாள். ஊசியைப் பிடித்து ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிற கை அது. இப்போது பேனாவைத் தாளில் வைக்கிறாள், எடுக்கிறாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருந்தேனே, தொலை என்று.

எந்த உறவும் இல்லாதவள்.  நாற்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் பார்த்தது ஒரு கொழுகொழு பிள்ளையை. அதைத் தந்தவள் யாரோவா? எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான். அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன்.

"இதுல இவ கையெழுத்துப் போட்டாத்தான் சார் பொய். இவ முத எழுதுனது நெசம்" என்றேன்.

"அம்மா, நீங்க உயிரோட எதிர்ல உக்காந்திருக்கேள்."

"பெத்தவ நான். எட்டு மாசம் பால் குடுத்தவ அவ. நீங்க வேணும்னா எங்க பள்ளிவாசல்ல வந்து கேளுங்க. அவ மவன் ஜாபெஸுக்கு இவளக் கட்டிக் குடுக்க முடியாது, தெரியுமா? சாதி மதத்துக்காவ இல்ல. அண்ணன் தங்கச்சி, ஆவாது. இருவது வருசமா எங்க வீட்டுல இது சட்டம். ஒங்க புக்குல இல்லன்னா நாங்க என்ன செய்ய?"

எனக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் இதை வாய்விட்டு நான் யாரிடமும் சொன்னதில்லை. சேசம்மாக்காவிடமும் சொன்னதில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பெற்றோர் என்றால் பெற்றவர், தத்தெடுத்தவர், சட்டப்படி பாதுகாவலர் என்று மட்டும் இருந்ததாம்.

"துக்க விடுப்பு தர எனக்கு அதிகாரம் இல்லை. ரூல்ல இடமே இல்லை" என்றார். "ஆனா இவ பொய் சொன்னான்னு கமிட்டிக்கு எழுதவும் என்னால முடியாது. மூணு நாள் டியூட்டி பாக்கி இருக்கு. ஞாயித்துக்கிழமைகள்ல வந்து இருபத்துநாலு மணி நேரத்தையும் வார்ட்ல செஞ்சு முடிக்கட்டும். அப்பறம் ஹால் டிக்கெட் தரேன். நீங்க இப்ப சொன்னதை எழுதித் தாங்கோ. தமிழ்லயே எழுதுங்கோ."

எழுதினேன். என் மகள் உமைராவுக்குச் சேசம்மாளும் தாய். ஒரே ஒரு வரிதான். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

அதைக் கோப்பில் வைக்கும்போது உமைரா சேர்ந்த அன்று நிரப்பிய குடும்ப விவரத் தாள் மேலே வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உமைராவைக் கேட்டேன். வாப்பா பேர், என் பேர், விலாசம், கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்று வாசித்தாள்.

"யாருமில்லையா? அத அழி" என்றேன்.

"அது இப்போ எதுக்கும்மா?" என்றார் அவர்.

"தகப்பனும் இல்லாத ஜாபெஸுக்கு இனி எங்கள விட்டா ஆரு சார்? நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா இவதான ஓடணும். அப்பவும் பொய் சொல்லுதான்னு எனக்குப் போன் போடுவீங்க."

அவர் தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அழிக்கக் கூடாது உம்மா" என்றாள் உமைரா. "எங்க வேலைல அப்படித்தான். தப்பா எழுதினத ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். முன்ன என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

ஒற்றைக் கோடு போட்டாள். கையெழுத்துப் போட்டாள். மேலே ஜாபெஸ், அண்ணன் என்று ஒரே மூச்சில் எழுதினாள்.  எழுதி முடித்துத் தாளைத் தள்ளிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சேசம்மாக்கா போன பன்னிரண்டு நாளில் அன்றுதான் அழுதாள். அனந்தகிருஷ்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வெளியே வந்து படியில் நின்றே ஜாபெஸுக்குப் போன் போட்டேன். அம்மா போனதிலிருந்து அவன் வேலைக்கும் போகவில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை.

"க்யா ஹுவா ஆன்ட்டி, என்னாச்சு? விட்டுட்டாங்களா அவள?" என்றான்.

"விட்டுட்டாங்க. மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வா. இனி ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாது. நீ இவ அண்ணன்னு காலேஜ் ரிக்கார்டுல ஏறியாச்சு, மாத்த முடியாது."

 ஆன்ட்டி என்று சொல்லாமல், மீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன்.