நாலரை அடி

டேப் தண்ணீரில் நிற்கவில்லை. திருச்சியிலிருந்து வந்திருந்த திட்ட அதிகாரி படகுத்துறையின் கடைசிப் படியில் குந்தி, மூன்று முறை அதை ஏரிக்குள் விட்டுப் பார்த்தார். மூன்று முறையும் அது வளைந்து வளைந்து மேலே மிதந்தது. கரையில் உட்கார்ந்திருந்த கடைமடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படகோட்டி ராசாங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. அவன் பிழைப்பு எப்படி ஆகும் என்று அந்த டேப்புதான் சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். பஞ்சாயத்து யூனியன் நடத்தும் இந்தப் படகுத்துறையை என்ன செய்வதென்று முடிவெடுக்க அதிகாரி வந்திருந்தார். துறையில் இன்றைக்கு நாலரை அடித் தண்ணீர் இருந்தால் மடையை இனித் திறக்க மாட்டார்கள். சித்திரை வரை படகு ஓடும், இரண்டு மோட்டார் படகு வரும், கேன்டீன் வரும், பதிமூன்று வருஷமாகத் தினக்கூலியாக இருக்கும் ராசாங்கத்தின் வேலை நிரந்தரமாகும். நாலரை அடி இல்லையென்றால் திட்டம் வேறு ஏரிக்குப் போகும், இருக்கிற ஏழு படகும் லாரியேறி அங்கேயே போய்விடும். இதற்கு நடுவில் கடைமடையில், ஏரிப் பாசனத்தின் கடைசி வயல்களில், நாற்பது ஏக்கர் பயிர் பால் பிடித்து நின்றது. மடை திறந்து இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். அந்த நாற்பது ஏக்கரை அறுக்கப் போகிற பெண்கள்தான் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராசாங்கத்தின் மனைவி வீராயியும் அவர்களில் ஒருத்தி. ஆடி வரைக்கும் அவன் வீட்டு அடுப்பு எரிவது அந்த அறுப்புக் கூலி நெல்லில்தான்.

"டேப்பு எதுக்குங்க சார்? நம்ம ராசாங்கம் எறங்கி நின்னா தெரிஞ்சிடும். அவன் கழுத்து சரியா நாலரை அடி" என்றார் யூனியன் சேர்மன் அரங்கநாதன். எழுபதுகளில் சேர்மனாக இருந்தபோது இந்தத் துறையைக் கட்டியவரே அவர்தான். நடுவில் தேர்தலே இல்லாமல் கிடந்து, போன வருஷம் மறுபடி ஜெயித்து வந்ததும் முதல் வேலையாகத் துறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். சொல்லிவிட்டு ராசாங்கத்தின் பக்கம் வந்து தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எளவட்டப் பயலுவளுக்குக் காட்டுவியே, அதே மாதிரி காட்டுப்பா."

அது ஊரறிந்த வித்தை. ஜெயங்கொண்டத்திலிருந்து சைக்கிளில் வரும் இளவட்டங்கள், "இந்தக் குட்டையில என்னாண்ணே ஆழம் இருக்கப்போவுது?" என்று கேலி பேசுவார்கள். ராசாங்கம் இறங்கி, தண்ணீருக்கடியில் முட்டியை மடக்கிக் கழுத்தளவில் நிற்பான். "நீச்ச தெரியாதவங்க ஏறாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்வான். அவ்வளவுதான், அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

ஆரம்பத்தில் முட்டி மடக்கவே தேவையிருக்கவில்லை. எழுபத்து நாலில் படகுகள் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியபோது தண்ணீர் நிஜமாகவே கழுத்துக்கு வந்தது. அடடா, அது என்ன காலம்! முகூர்த்த நாளில் மீன்சுருட்டியிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் கல்யாணக் கோஷ்டி மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் படகில் ஆளுக்கொரு ஓரமாக விறைத்துக்கொண்டு உட்காருவார்கள். துடுப்புப் போடுகிறவன் அவர்களுக்கு எதிர்முகமாகத்தான் உட்கார்ந்தாக வேண்டும். ராசாங்கம் வானத்தைப் பார்த்தபடியே போவான், வானத்தைப் பார்த்தபடியே திரும்புவான். இறங்கும்போது இரண்டு பேரும் ஒரே பலகையில் இருப்பார்கள். எத்தனை ஜோடி! சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்து, "என்னைத் தெரியுதாண்ணே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வாழ்க்கையில் அவனைத் தேடிக்கொண்டு யாராவது வந்தார்கள் என்றால் அது இந்தத் துறைக்குத்தான். இதை விட்டால் திரும்பவும் யார் வயலிலோ குனிந்து நிற்க வேண்டும்.

இறங்கினான். பழக்கத்தில் முட்டி தானாக மடங்கியது. தண்ணீர் கழுத்துக்கு வரவில்லை. இன்னும் மடக்கினான். நெஞ்சுக்கு வந்தது. இன்னும். கழுத்து நனைந்தபோது அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பிட்டம் குதிகாலில் இடித்தது. வருஷத்துக்கு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று மடக்கி மடக்கி இத்தனை தூரம் வந்திருக்கிறது. வண்டல் ஏறுவது அவனுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. ஊரை ஏமாற்றுவதாக நினைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கழுத்து. நாலரை" என்று அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். சேர்மனின் முகம் மலர்ந்தது. கரையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் வித்தை தெரியும். ஒருத்தி வாயைத் திறந்தால் போதும். வீராயியின் புருஷன் என்பதால் யாரும் திறக்கவில்லை. வீராயி அவனைப் பார்க்கவே இல்லை, மடிந்த வெற்றிலையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராசாங்கம் எழுந்து நின்றான்.

தண்ணீர் கழுத்திலிருந்து, மார்பிலிருந்து, வயிற்றிலிருந்து சளசளவென்று இறங்கி இடுப்பில் வந்து நின்றது. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"என்னப்பா இது?" என்றார் சேர்மன். கோபத்தை விட அழுகைதான் அந்தக் குரலில் அதிகம்.

"இவ்வளவுதாங்க அய்யா இருக்கு. மாசம் போனா இன்னும் கொறையும். எத்தன நாளைக்கிங்க நான் குந்திக்கிட்டே நிக்கறது?"

அதிகாரி அவன் உடம்பிலேயே டேப்பை வைத்து அளந்துகொண்டார். மூன்று அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சேர்மன் ஜீப்பை நோக்கி நடந்தார். துறையின் வெள்ளைச் சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஏறினார். அவரைப் பார்க்க ராசாங்கத்துக்கு மனசு தாங்கவில்லை. வீராயி படிக்கு இறங்கி வந்தாள். "கால் மரத்துப் போயிருக்கும், ஏறி வாய்யா" என்று கையை நீட்டினாள்.

மதியம் கடைமடைக்கு மடை திறந்தது. லாரி பொங்கல் கழித்துத்தான் வரும் என்றார்கள். நீர் இறங்க இறங்கப் படகின் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முளையிலேயே தொங்கிப்போகும். மறுநாளும் அதற்கு மறுநாளும், யாரும் சொல்லாமலே, ராசாங்கம் காலையில் துறைக்கு வந்து ஏழு முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, நாலு விரற்கடை கயிறு விட்டு மறுபடியும் கட்டினான்.