அக்கா திறந்த மெயில்

முதல் குத்திலேயே மூக்கு உடைந்துவிட்டது. அந்தச் சின்னப் பத்திரிகை ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். வாய்ச்சவடால் ஏராளம், சண்டை என்றால் எலிக்குக்கூட ஒதுங்குகிற ஆள். அவனை அடிக்க இரண்டு பேர் வந்ததே அதிகம்.

"உங்கக்கா எங்கடா?" என்றான் மொட்டை.

அக்கா அதே பத்திரிகையில் நிருபர். குவாரி முதலாளி செய்த கொலையைக் கண்ணால் பார்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஒளிந்து திரிந்தாள். அகப்பட்டால் இரண்டு பேரும் பிணம். எங்கே இருக்கிறாள் என்று தம்பிக்கே தெரியாது. தெரியாது என்றால் எந்த ரவுடி நம்பியிருக்கிறான்? மொட்டை அவன் இடது கைச் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தான். அலறல் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடினார். நல்ல மனுஷன்!

"அவன் வாயால சொல்லவே வேணாம்ணே," என்றான் கூட வந்த கண்ணாடிக்காரன். அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். "வெளியூர் போறவங்க மெயில் பார்க்க சர்வர் போட்டதே இவன்தான். அவ மெயிலத் திறந்தா எங்கருந்து திறந்தாள்னு அதுல காட்டிடும். சர்வர் பாஸ்வேர்ட மட்டும் கறந்துடுங்க."

அடுத்த விரலும் போனது. மூன்றாவதைப் பிடித்ததும், "நானே டைப் பண்றேன், விட்டுடுங்க" என்று தேம்பினான்.

வலது கையால் பாஸ்வேர்டை அடித்தான். கண்ணாடிக்காரன் போன் பேசத் திரும்பிய நேரத்தில், சர்வரின் சான்றிதழையும் மாற்றிவிட்டான். இது அசல் சர்வர்தான் என்று வெளியே இருக்கும் போன்களுக்குக் காட்டுகிற சான்றிதழ் அது. மாறினால் போனில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். வந்தால் மெயிலைத் தொடாதே, இடத்தைக் காலி பண்ணு என்று நிருபர்கள் அத்தனை பேருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

வெளியூர் நிருபர் யாரோ மெயிலுக்காக சர்வரைத் தட்டுவது திரையில் தெரிந்தது, சிவப்பைப் பார்த்து விலகினார். இன்னொருவரும் அப்படியே. ரத்தம் வழியும் வாயோடு அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அடுத்து வந்தவர் விலகிவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும்.

அவன் திரையை உற்றுப் பார்த்தான். போன மாதம் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்து தொலைத்திருந்தான்; அதற்கும் இதே சிவப்பு வந்தது. சிவப்பைப் பார்த்துப் பதறிக் கூப்பிட்டவள் அக்கா ஒருத்திதான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் மானம் போய்விடுமே! "சும்மா காட்டும்க்கா, சரின்னு அமுக்கிட்டுப் போயிட்டே இரு" என்று சொல்லிவிட்டான், சோம்பேறி நாய்.

"திறக்காதக்கா!" என்று கத்தினான், அவளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. மொட்டை அவனைக் கீழே தள்ளி வாயிலேயே மிதித்தான். பற்கள் தரையில் சிதறின. தவழ்ந்துபோய் வயரைப் பிடுங்கக் கை நீட்டினான். அந்தக் கையையும் பூட்ஸ் நசுக்கியது.

"மாட்டிக்கிச்சுண்ணே, லாட்ஜு கனெக்‌ஷன்!" கண்ணாடிக்காரன் லாட்ஜின் பெயரைப் போனில் சொன்னான். "நம்ம ஆளுங்க அந்தத் தெருவுலயேதான் நிக்கறாங்களாம்."

தம்பிக்கு ஒரு மெயில் வந்து விழுந்தது. கண்ணாடிக்காரன் அதை உரக்கப் படித்தான்.

"அந்தச் சிவப்பு மறுபடி வந்துச்சுடா, பயந்தே போயிட்டேன். அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, அமுக்கிட்டேன். நீ சாப்டியா?"