பாலத்துக்கு இந்தப் பக்கத்து மாமன்

தங்கை மகன் எமானே இறந்து மூன்று நாளாகியும் மண்ணுக்குள் போகவில்லை. தாய்மாமன் லியோன்சியோ எசோனோ வாத்தியார் வந்து வாயைத் திறக்கும்வரை போகவும் முடியாது. ஃபாங் குலத்தில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அவன் பிணத்தின் முன்னால் நின்று, எங்கள் பிள்ளையை உங்களிடம் விட்டிருந்தோமே, எப்படிச் செத்தான் என்று கேட்க வேண்டும். அப்பன் வழிக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும். பதில் மனசுக்கு ஒப்பினால், புதையுங்கள் என்பான். ஒப்பாவிட்டால் பிணம் கிடந்து நாற வேண்டியதுதான். அப்பன் வழிக்காரர்கள் கடவுளுக்குப் பயப்படுகிறார்களோ இல்லையோ, அந்தக் கேள்விக்குப் பயப்படுவார்கள்.

இந்தமுறை பயந்துகொண்டிருந்தவர் கேள்வி கேட்கப் போகிறவர். ஏனென்றால் பதில் அவருக்குத் தெரியும்.

பிணம் கேமரூன் பக்கம். வாத்தியார் கினிப் பக்கம். நடுவில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு மரப்பாலம், பாலத்தின் இந்த முனையில் எட்டு மாதமாகத் தூக்கப்படாத ஒரு தடுப்புக் கட்டை. அந்தக் கரையில் மரவள்ளி அவிக்கும் புகை இந்தக் கரையில் இருமலைக் கொடுக்கும், அவ்வளவுதான் தூரம். கட்டையைப் போட்ட நாளிலிருந்து நோயாளிகளை மட்டும் விடுவார்கள். அதற்கும் இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் நேரில் வந்து, இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

திங்கட்கிழமை மதியம் எமானே போன் செய்தான்.

"மாமா, பாலத்துல நிக்கறேன். வயிறு பிச்சுக்கிட்டு வலிக்குது. நீ வந்து ஒரு கையெழுத்து போட்டா உள்ள விட்டுடுவாங்களாம்."

"மணி மூணாகுதுடா. முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வாயுவா இருக்கும், இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடி. காலையில வரேன்."

"சரி மாமா."

அந்த மாதத்தில் மட்டும் பத்தொன்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார் வாத்தியார். பேறுகாலக்காரி, பாம்பு கடித்தவன், பல்வலிக்காரன் என்று அக்கரையில் யாருக்கு என்ன வந்தாலும் இவர் போன் அடிக்கும். எண்ணெய்ப் பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்தானே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், சிப்பாய்களின் நக்கலைக் கேட்க வேண்டும், ஆளுக்கொரு பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் மனுஷன் எத்தனைக்குத்தான் ஈடு கொடுப்பான் என்று அவர் அன்று நினைத்தார். நினைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். தூங்கினார். நன்றாகவே தூங்கினார். எழுந்து பார்த்தபோது போனில் நான்கு அழைப்புகள் எடுக்கப்படாமல் கிடந்தன. திருப்பி அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

எமானேயை அதற்குள் ஒரு லாரியில் ஏற்றி, செம்மண் சேற்றில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி அக்கரையிலேயே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குடல்வால் வழியிலேயே வெடித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை வாத்தியார் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பாலத்துக்கு நடந்தார். வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. அந்த முட்டிக்கு முக்கால் மணி நேரம்.

முப்பத்தைந்து வருஷம் சரித்திரமும் பூகோளமும் நடத்தியவர் அவர். இந்த நாட்டின் எல்லைகள் யாவை என்று கேள்வி கேட்டே காலத்தை ஓட்டியவர். பாரிஸில் மேஜைக்கு இரண்டு பக்கமும் பிரெஞ்சு, ஸ்பானியத் துரைமார்கள் உட்கார்ந்து, இந்தக் காட்டில் ஒரு கொசுக்கடிகூட வாங்காமல், வரைபடத்தின்மேல் கோடு கிழித்தார்கள். அப்புறம் அக்கரையில் இருந்த ஜெர்மன்காரன் நம்மைச் சுற்றி வளைத்துக்கொண்டான், போரில் தோற்றுப் போனான். பிரெஞ்சுக்காரன் திரும்ப வந்தான். ஸ்பானியக்காரன் கடைசியில் கொடியை மடித்துக்கொண்டு கப்பலேறினான். எல்லாரும் போன பின்னும் கோடு போகவில்லை. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த களைப்பு அவர் தோளில் இன்னும் இருந்தது.

எழுதாத பாடமும் ஒன்று உண்டு. சுதந்திரம் வந்த பின் முதல் ஆட்சியின் பதினோரு வருஷங்களில் படித்தவன் என்றாலே ஆபத்து. இருபத்திரண்டு வயதில் அவரும் பதினேழு வயதுத் தங்கை ஒயானாவும் இதே ஆற்றை மார்பளவுத் தண்ணீரில் கடந்து ஓடினார்கள். நாட்டில் மூன்றில் ஒருவன் அப்படி ஓடினான். அக்கரையில் ஓவோனோ என்ற இளைஞனின் அப்பா இரண்டு பேரையும் முற்றத்தில் உட்கார வைத்து, யார் மகன், யார் பேரன், எந்தக் குலம் என்று ஒன்பது தலைமுறை சொல்லச் சொன்னார். ஏழாவது பெயரில் ஒரு தூரத்து உறவு சிக்கியது. அது போதும் என்று குடிசை கொடுத்தார், கோக்கோத் தோட்டத்தில் வேலை கொடுத்தார். ஐந்து வருஷம் சோறும் போட்டார். ஒயானாவை ஓவோனோ கட்டிக்கொண்டது அப்போதுதான். எமானே பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவர் லியோன்சியோ. ஆட்சி மாறியதும் அவர் இக்கரைக்குத் திரும்பினார், தங்கை அங்கேயே தங்கினாள்.

பிறகு நம் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. காற்று திசை மாறியது. அக்கரைக்காரர்கள் இங்கே வேலை தேடி வர ஆரம்பித்தார்கள், நாம் அவர்களை அந்நியர்கள் என்று சொல்ல ஆரம்பித்தோம். ஆறு நாட்டுத் தலைவர்கள் ஒன்றாக நின்று, இனி எல்லாரும் தடையில்லாமல் போய்வரலாம் என்று கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டதும் உண்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஆறு நாட்டுக்கும் பணம் ஒரே ஃபிராங்க். அது ஒன்றுதான் பாஸ்போர்ட் இல்லாமல் பாலம் தாண்டிக்கொண்டிருந்தது.

தடுப்புக் கட்டையின் நிழலில் அனாக்லெத்தோ உட்கார்ந்திருந்தான். காவலுக்குப் பொறுப்பான சிப்பாய், வாத்தியாரிடம் நான்காம் வகுப்பு படித்தவன். அவரைக் கண்டதும் எழுந்தான்.

"வாங்க வாத்தியாரே. விஷயம் கேள்விப்பட்டேன்."

"நான் அந்தப் பக்கம் போகணும் அனாக்லெத்தோ. சாயங்காலம் திரும்பிடறேன்."

"போனா திரும்ப விடமாட்டாங்க. வெளிய போற ஆளுக்குத் தலைநகர்லேர்ந்து பேப்பர் வேணும். வர்றதுக்குப் பத்து நாளாகும்."

"பத்து நாள் பொணம் தாங்குமா?"

"அத என்னைக் கேட்டா? இந்த எல்லைய யாரு வரைஞ்சதுன்னு தெரியாம முழிச்சதுக்கு ஒரு பீரியட் பூரா முட்டி போட வெச்சீங்க. கோடுன்னா கோடுதான்டா, மனப்பாடம் பண்ணுன்னீங்க. பண்ணிட்டேன்."

வாத்தியார் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டார். அனாக்லெத்தோ குரலை இறக்கிக்கொண்டு பேசினான்.

"பெட்டிய அவங்க பாலத்துப் பாதி வரைக்கும் கொண்டாரட்டும். வெள்ளைக் கோடு போட்டிருக்கில்ல, அதுவரைக்கும் நீங்க போங்க. அரை மணி நேரம். மேலதிகாரி வண்டி பன்னண்டு மணிக்கு வரும், அதுக்குள்ள முடிச்சுக்கங்க."

"சரி."

"வாத்தியாரே, திங்கக்கெழம நான்தான் ட்யூட்டி." அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துப் பேசினான். "அந்தக் கல்லு மேலதான் உக்காந்திருந்தாரு. வேர்த்து ஊத்திச்சு. நீங்க வருவீங்க வருவீங்கன்னு நானும் ரோட்டையே பாத்துட்டிருந்தேன். கையெழுத்து இல்லாம விட்டா என் வேலை போயிடும். ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"தெரியும்ப்பா."

"போங்க. டைம் ஆவுது."

போன் செய்து சொன்ன கால் மணி நேரத்தில் அக்கரையிலிருந்து பெட்டி வந்தது. ஆறு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் மச்சான் ஓவோனோ, பின்னால் ஒயானாவும் பெண்களும். ஊர் அதற்குப் பின்னால் பாலம் முழுக்க நின்றது. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் பெட்டியை வைத்தார்கள். மூன்று நாள் வெக்கையில் வாடை வரத் தொடங்கியிருந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

வாத்தியார் கோட்டின் இந்தப் பக்கம் நின்றார். பெட்டியைத் தொடக் கையை நீட்டினால் எட்டும், ஆனால் நீட்டவில்லை. மாமன் முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் தொட வேண்டும்.

"ஓவோனோ," என்றார். "எங்க புள்ளைய உங்ககிட்ட விட்டிருந்தோம். எப்படிச் செத்தான்?"

ஓவோனோ தொப்பியைக் கழற்றினான். எழுபது வயது, ஒல்லியாக, மூங்கில் கழி மாதிரி நிமிர்ந்து நிற்பவன்.

"வயித்து வலி மச்சான். திடீர்னு வந்துச்சு. கடவுள் கூப்பிட்டுட்டார்."

கூட்டம் முணுமுணுவென்று ஆமோதித்தது. அத்துடன் விட்டிருக்கலாம். ஒப்புக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். வாத்தியார் வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலில் விழுந்திருப்பார். அந்தக் கட்டிலை நினைத்ததும் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?"

"கொண்டு போனோம் மச்சான். லேட் ஆயிடுச்சு."

"ஏன் லேட்?"

வேறு எந்தச் சாவாக இருந்தாலும் இந்த இடத்தில் அப்பன் வழிக்காரர்களுக்கு வேர்த்துக் கொட்டும். ஓவோனோவின் கண்ணில் பயம் இல்லை. போதும் விடு என்கிற கெஞ்சல்தான் இருந்தது.

"ரோடு சரியில்ல மச்சான். மழை. லாரி சேத்துல மாட்டிக்கிச்சு."

ஊரே தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இளவட்டங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும். அன்று ஒன்பது தலைமுறை கேட்டுச் சோறு போட்ட முற்றம், இன்று அவர் தலை குனியக் கூடாது என்று தன் பிள்ளையின் சாவையே மழுப்புகிறது. அதைத் தாங்குவதைவிட ஏச்சு வாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

"அது இல்ல பதில்," என்றார் வாத்தியார். "நான் ஒத்துக்கல."

கூட்டம் அசைந்தது. பின்னால் அனாக்லெத்தோ, "வாத்தியாரே, மணி பதினொன்னே முக்கால்," என்று குரல் கொடுத்தான்.

"பதில நானே சொல்றேன். திங்கக்கெழம இந்தப் பாலத்துல நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிட்டான். வந்து ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா பொழைச்சிருப்பான். நான் வரல. முட்டி வலி, அலுப்பு. தூங்கிட்டேன். சிப்பாய் மேல குத்தமில்ல, ரோட்டு மேல குத்தமில்ல. என் புள்ள செத்தது என்னால."

ஓவோனோ தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். கேட்கிறவனே குற்றவாளியாக நின்றால் என்ன செய்வது என்று அவன் பாட்டனும் சொல்லித் தந்ததில்லை. மாமன் வாக்கு இல்லாமல் புதைக்க முடியாது, குற்றம் உள்ளவன் வாக்குச் செல்லாது. பெட்டி வெயிலில் கிடந்தது.

ஒயானா பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இந்தச் சபையில் பெண்பிள்ளை பேசும் வழக்கம் இல்லை. கோட்டு ஓரத்தில் நின்று அண்ணனைப் பார்த்தாள்.

"எங்களுக்குத் தெரியாதாண்ணா? லாரியில என் மடியிலதான படுத்திருந்தான். நான் உன்னைத் திட்டித் தீத்தேன். நாசமாப் போறவன், நாலு தடவ அடிச்சும் எடுக்கலையேன்னு வாயில வந்ததெல்லாம் சொன்னேன்."

வாத்தியார் தலையை ஆட்டினார்.

"அவன் என்னைத் தடுத்தான். மாமாவத் திட்டாதம்மா, எல்லாரும் அவரையே கூப்பிடறோம், அவரும் எத்தன பேருக்குத்தான் வருவாரு, பாவம் அசந்து தூங்கட்டும்னான். அதான் அவன் கடைசியாப் பேசினது. அப்புறம் பேச்சில்ல."

வாத்தியார் கீழே உட்கார்ந்துவிட்டார். வீங்கிய முட்டி மடங்கிய விதம் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அனாக்லெத்தோ தூக்கிவிட ஓடிவந்து, கோட்டருகே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறலண்ணா," என்றாள் ஒயானா. "ஆறுமான்னும் தெரியல. ஆனா அவனுக்கு மாமன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். வேற யாரு சொல்றது? மூணு நாளாக் கெடக்கான். சொல்லு, நாங்க எடுத்துட்டுப் போறோம்."

வாத்தியார் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டினார். பெட்டிப் பலகை வெயிலில் சுட்டது. எடுக்க மனமில்லாமல் கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

"புதைங்க," என்றார்.