யார் தூக்கினது?

அண்ணனும் தம்பியும் பெயிண்டர்கள். அண்ணன் பட்டி பார்த்துத் தேய்த்துக்கொண்டே போனால், தம்பி பின்னாலேயே ரோலரோடு வாயடித்துக்கொண்டு வருவான்.

அன்று காலை இரண்டாவது மாடி ஜன்னலுக்கு மேலே பூசிக்கொண்டிருந்த தம்பி சாரத்திலிருந்து வழுக்கி விழுந்தான். குதிகால் இரண்டும் தரையில் மோத, அப்படியே மல்லாந்துவிட்டான். அண்ணன் பதறியடித்து ஓடிவந்தான்.

“ஒண்ணுமில்லண்ணே, இடுப்புலதான் வலி. பாரு, கால் அசையுது,” என்று தம்பி கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். “மிச்சச் சுவர் உன் தலையிலதான்.”

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், அதுவரைக்கும் தொடாதீங்க,” என்றார் வீட்டுக்காரம்மா.

அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தம்பியை நிமிர்த்தி, குழந்தையைப்போல வாரியெடுத்து, பெயிண்ட் ஏற்றிவந்த வேனில் உட்காரவைத்தான். தம்பி ஒரே ஒரு தடவை ‘அம்மா’ என்றான். பாதி வழியில், “கால் இருக்கிறதே தெரியலண்ணே,” என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். “மேல இருக்கிற முதுகெலும்பை எல்லாம் விலா பிடிச்சு வச்சிருக்கும். அது முடிஞ்சு, இடுப்புப் பக்கம் ஆரம்பிக்கிற முதல் எலும்பு இது. உயரத்துலேர்ந்து விழுந்தா அனேகமா இதுதான் நொறுங்கும். உடைஞ்ச துண்டு பின்னால தள்ளி தண்டுவடத்தை நசுக்கியிருக்கு. விழுந்தப்ப கால் அசைஞ்சுதா?”

“அசைஞ்சுது,” என்றான் அண்ணன்.

“அப்புறம் யார் தூக்கினது?”

அவன் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து தம்பி சொன்னான்: “நானே எந்திரிச்சு ஏறினேன் டாக்டர். அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல.”

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் செய்து, திருகாணி போட்டு எலும்பை நிறுத்தினார்கள். கால் திரும்பவில்லை. தம்பி மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து, “உங்க அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம்?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அவன் விட்டத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

நாலாவது நாள் அண்ணனால் தாங்க முடியவில்லை. “அவன் எந்திரிக்கலம்மா. நான்தான் தூக்கினேன்,” என்றான்.

அவள் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். “எதுக்குண்ணே சொன்ன? என்னைப் புரட்டிப் போட, குளிப்பாட்ட தினமும் நீ வீட்டுக்கு வரணும். இனிமே அவ எப்படி உன்னை உள்ள விடுவா?”

விட்டாள். ஆறு மாதமாக, அண்ணன் வேலைக்குப் போகுமுன் கதவைத் தட்டுகிறான். அவள் திறந்துவிட்டு விலகிக்கொள்கிறாள். தோளை அவள் பிடிக்க, இடுப்பை அவன் பிடிக்க, முதுகு முறுக்கிக்கொள்ளாமல் இருவருமாகத் தம்பியைப் புரட்டுகிறார்கள். அந்த அறையில் தம்பி மட்டும்தான் பேசுகிறான்.