கொளுத்தாத சோகை

சட்டியின் சூடு கயிறு வழியாக ஏறி விரல்களைச் சுட்டது. தமிழ்மணி கையை மாற்றிக்கொண்டு நடந்தான். கொள்ளிச்சட்டி தூக்கியவன் நடுவழியில் நிற்கக்கூடாது என்று காலையிலிருந்து நாலு பேர் சொல்லிவிட்டார்கள். நிற்க யாருக்கு ஆசை? எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. பதினெட்டு நாள் கடலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தது, நேற்று சாயங்காலம் அப்பாவின் உடலோடு ஆம்புலன்ஸில் பெண்ணாடம் தாண்டி ஊருக்கு வந்து சேர்ந்தது, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னது, எல்லாம் சேர்ந்து உடம்பு அவன் சொல்படி கேட்கவில்லை.

மேளத்துக்கு முன்னால் அத்தை மகன் ராஜவேல் வெடி போட்டுக்கொண்டு போனான். மாமாவுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று விருத்தாசலம் போய் ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்திருந்தான். இந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்காத சாவை நாதியற்ற சாவு என்றுதான் பேசுவார்கள். சுடுகாட்டுப் பாதை அப்பாவின் கரும்புக் கொல்லை ஓரமாகப் போகிறது என்பதால், தமிழ்மணி கிளம்பும்போதே அவனிடம் சொல்லி வைத்திருந்தான்.

"நம்ம கொல்லகிட்ட மட்டும் வெடி வாணாம் ராஜவேலு. சோகை கெடக்குது."

"அத நான் பாத்துக்கிறேன் மச்சான்."

கரும்பு வெட்டி முடித்ததும் காய்ந்த தோகை முழங்கால் உயரத்துக்குக் கொல்லையில் கிடக்கும். அதுதான் சோகை. ஊரில் எல்லாரும் ஒரு தீக்குச்சியில் அந்த வேலையை முடித்துவிடுவார்கள். அப்பா கலியமூர்த்தியும் அப்படித்தான் இருந்தார், மண் பரிசோதனைச் சீட்டில் கரிமச் சத்து மிகவும் குறைவு என்று எழுதி வரும்வரை. அதன்பிறகு நாலு வருஷமாக அவர் கொல்லையில் தீ வைக்கவில்லை. சோகையை வரிசைக்கு நடுவில் இழுத்துப் போட்டார், சாணியைக் கரைத்துத் தெளித்தார், தண்ணீர் கட்டி மக்கவிட்டார். எரித்தால் எல்லாம் புகையாகிப் போய்விடும், மக்கினால் அந்தக் கரி கொஞ்சமாவது மண்ணில் தங்கும், மண்ணும் ஈரம் பிடிக்கும் என்பார். எலி வந்தது, பாம்பும் வந்தது. அம்மா விருத்தாம்பாள் வாய் ஓயாமல் திட்டினாள். பக்கத்துக் கொல்லைக்காரர் கண்ணாயிரம் மாமா அவருக்குக் குப்பைக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் தமிழ்மணிக்கும் அது வெட்கமாகத்தான் இருந்தது. முதல் சீட்டில் கரிமச் சத்து புள்ளி மூன்று இருந்தது, நாலு வருஷம் கழித்துப் புள்ளி நாலு ஆனது. ஊர் சிரித்ததற்கு இவ்வளவுதானா என்று ஒருமுறை கேட்டும் விட்டான். அப்பா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றியது.

இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வெட்டு முடிந்தது. கடைசி நாள்கூட அவர் கேட்டது அதைத்தான்.

"சோகைய யாரும் கொளுத்திடலயே?"

"இல்லப்பா."

அது உண்மைதான். ஆனால் இன்று காலை பந்தலடியில் கண்ணாயிரம் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காரியம் முடிந்ததும் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொல்லையைத் தன் பொறுப்பில் விடும்படியும், சிதம்பரத்தில் நிம்மதியாக வேலையைப் பார்க்கும்படியும் சொன்னபோது அவன் தலையாட்டிவிட்டான். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

கொல்லை வருவதற்குள் கையிலிருந்த பெரிய சரத்தைத் தீர்த்துவிடலாம் என்று ராஜவேல் அதைப் பாதையில் விரித்துக் கொளுத்தினான். நல்ல எண்ணம்தான். சரம் துள்ளி நெளிந்தது. பாதி எரியும்போது ஒரு கொத்து அறுந்து, வரப்பைத் தாண்டிக் கொல்லைக்குள் விழுந்து வெடித்தது.

மாசி வெயிலில் பத்து நாள் காய்ந்த சோகை. சடசடவென்று பிடித்துக்கொண்டது. மேளம் நின்றது. பாடை தூக்கியவர்களில் ஒருவர், நிற்கக்கூடாது, போய்க்கொண்டே இருக்க வேண்டும், எரிகிறது எரிந்துவிட்டுப் போகட்டும் என்றார். தமிழ்மணி நின்றுவிட்டான். இன்று ஒரு நாள்கூட நான் இதைக் காப்பாற்றவில்லையே என்று நினைத்தான்.

"எறக்குங்க" என்றான்.

"நடுவழியில எறக்கக் கூடாதுப்பா."

"எங்கப்பாதான? எறக்குங்க."

சட்டியைப் பாதையில் வைத்துவிட்டு வரப்பில் ஏறிக் குதித்தான். பாடையை இறக்கிவிட்டு மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். கரண்டு இல்லாததால் மோட்டார் ஓடாது. வேப்பங்கிளையை ஒடித்து அடித்தார்கள். தீ போகும் வழியில் கிடந்த சோகையைக் கையாலேயே வாரி ஒதுக்கினார்கள். ராஜவேல் அழுதுகொண்டே வாரினான். கண்ணாயிரம் மாமா வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரில் வேட்டியை நனைத்து, கோவணத்தோடு நின்று அடித்தார். பாதையில் அப்பா மட்டும் மாலையோடு தனியாகக் கிடந்தார்.

அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. நாலைந்து வரிசை கறுத்துப் போயிருந்தது, மீதி தப்பியது. கண்ணாயிரம் மாமா காலால் கரியை விலக்கிப் பார்த்தார். மேலே கிடந்த புதுச்சோகைதான் எரிந்திருந்தது. அதற்குக் கீழே போன வருஷத்துச் சோகை பாதி மக்கிப்போய் நசநசவென்று இருந்தது, அதற்கும் கீழே மண் கறுப்பாக இருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்தார். எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் அவருடைய கொல்லை, எரித்த சாம்பலோடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"தண்ணி கட்டி எத்தினி நாளு ஆவுது?"

"அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து யாரும் கட்டல மாமா."

கண்ணாயிரம் மாமா மண்ணை உதறாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு பாதைக்கு வந்தார்.

சட்டியில் நெருப்பு அணைந்திருந்தது. யாரோ காலில் இடறியதில் வறட்டிகள் சரிந்து கிடந்தன. இதற்கு என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வரப்போரம் ஒரு பிடிச் சோகை இன்னும் கனன்றுகொண்டிருந்ததை ராஜவேல்தான் காட்டினான், கலியமூர்த்தி மாமாவின் சொந்தக் கொல்லை நெருப்பு, அதிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றான். நல்ல யோசனைதான் என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

தமிழ்மணி அங்கே போனான். ஈர மண்ணைக் காலால் தள்ளி அந்த நெருப்பை மூடி மிதித்தான்.

"சோகையில எடுக்க வாணாம். தீப்பெட்டி இருந்தா குடுங்க மாமா."

கண்ணாயிரம் மாமா ஈர வேட்டியைச் சுற்றிக்கொண்டு, பாடை தூக்கிய ஒருவரிடம் தீப்பெட்டியை வாங்கி நீட்டினார். தமிழ்மணி வறட்டிகளை அடுக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதைக் கிழித்தபோது, பொறி கொல்லைப் பக்கம் பறக்காமல் கண்ணாயிரம் மாமா வரப்பை மறைத்துக்கொண்டு நின்றார்.