மிஸ் இக்னேஷியாவின் பானை

ஆல்ஸ்டனின் வேனில் முன்கண்ணாடிக்கு மேலே 'பொறுமை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஏறி உட்கார்ந்தவர்களுக்கு முதல் வளைவிலேயே அது வெறும் அலங்காரம் என்று புரிந்துவிடும். கிரெனடாவின் மலைப்பாதைகளில் அவன் ஹாரனை நம்பினான், பிரேக்கை அவ்வளவாக நம்பியதில்லை.

கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வடகோடியில் இருக்கும் சோட்டேஸ் வரை போய்த் திரும்புவது அவன் பிழைப்பு. வழி நெடுக புத்திமதிதான். கடற்கரையில் மான்சினீல் என்கிற விஷ மரத்தடியில் மழைக்கு ஒதுங்காதீர்கள், சொட்டுகிற தண்ணீரிலேயே தோல் வெந்துபோகும். பட்டாளத்துக்காரன் மாதிரி பச்சைத் திட்டுச் சட்டை போட்டால் போலீஸ் பிடிக்கும். நீச்சலுடையோடு கடைத்தெருவுக்கு வந்தால் கிழவிகள் பிடித்துக்கொள்வார்கள், அதற்குப் போலீஸே தேவலை. நடுநடுவே சரித்திரமும் வரும். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் தீவை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்ட கதையில் இருவருக்கும் சரிசமமாகத் திட்டு விழும். அடிமைப்பட மாட்டோம் என்று சோட்டேஸ் பாறையிலிருந்து கடலில் குதித்த பூர்வகுடிகளின் கதையில் தினமும் தவறாமல் அழுவான். அந்த அழுகை நிஜம்தான்.

ஆனால் அவனுடைய தலையாய உபதேசம் வண்டி கிளம்பும்போதே வந்துவிடும். "இந்த ஊர்ல கடைக்குள்ள போனாலும் சரி, பஸ்ல ஏறினாலும் சரி, முதல்ல குட் மார்னிங் சொல்லணும். அப்புறம்தான் மத்ததெல்லாம். சொல்லலைன்னா நீங்க அங்க இல்லவே இல்லன்னு அர்த்தம்."

இப்படி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மகராசன், குவாவ் ஊரில் கடை வைத்திருக்கும் மிஸ் இக்னேஷியாவுக்கு இரண்டு வருஷமாக ஒரு குட் மார்னிங் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். வெயிலில் ஒரு பயணி மயங்கி விழுந்தார். ஆல்ஸ்டன் தலைதெறிக்க ஓடி அவள் கடைக்குள் புகுந்து, "ஐஸ் குடு, ஐஸ்" என்று கத்தினான். அவள் ஐஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, வந்தது மனுஷனா புயலா என்று கேட்டாள். ஒரு ஆள் சாகக் கிடக்கும்போது உனக்கு மரியாதை கேட்குதா என்று இவன் எரிந்து விழுந்தான். சாகக் கிடந்த ஆள் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பீர் கேட்டது வேறு விஷயம். அன்றோடு பேச்சு நின்றது. வேன் அவள் கடையைத் தாண்டி அடுத்த கடையில் நிற்கத் தொடங்கியது. உயிரைக் காப்பாற்றப் போனவன் நான், மன்னிப்பும் நானே கேட்பதா என்பது அவன் கட்சி.

இப்போது மகள் ஷார்லினுக்குக் கல்யாணம். முந்தின நாள் முற்றத்தில் ஆயில் டவுன் சமைத்தாக வேண்டும். சீமைப்பலா, உப்பிறைச்சி, கீரை, மாவுருண்டை எல்லாவற்றையும் அடுக்கி, மஞ்சள் கலந்த தேங்காய்ப்பால் ஊற்றி, பால் முழுக்க வற்றும்வரை வேகவிடும் சமையல். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்துக்குப் போதுமான பானை ஊரிலேயே ஒன்றுதான். அது இக்னேஷியாவிடம் இருந்தது. சின்னப் பானைகளில் பிரித்துச் சமைக்கலாமே என்று ஆல்ஸ்டன் வாயெடுத்தான்.

மனைவி வெல்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு கல்யாணத்துக்கு ஊரெல்லாம் குட்டிச் சட்டியா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாயால சிரிக்க மாட்டாங்க. இன்னிக்குப் பானையோட வா, இல்லன்னா வராத."

அன்றைய பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அருவியில் பயணிகளைக் குளிக்க விட்டு, தான் மட்டும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து 'குட் மார்னிங், மிஸ் இக்னேஷியா' என்று முணுமுணுத்துப் பழகினான். குவாவ் வந்ததும் வேன் நெடுநாளைக்குப் பிறகு அவள் கடை வாசலில் நின்றது. நின்றதோடு சரி, இவன் இறங்கவில்லை. பெரிய தொப்பி போட்ட கனடாக்காரப் பெண்மணியைத் தூது அனுப்பினான். அவள் போன வேகத்தில் சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள்.

"ரொம்ப நல்ல அம்மா. பானை இருக்காம். ஆனா வண்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஆளுக்குத் தர மாட்டாங்களாம்."

வேன் முழுக்கச் சிரித்தது. ஆல்ஸ்டன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். கடைக்குள் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டையை ஓங்கிய கையோடு அப்படியே நின்றார்கள்.

"குட் மார்னிங், மிஸ் இக்னேஷியா."

இக்னேஷியா வாசல் வெயிலை எட்டிப் பார்த்தாள். "உச்சி சாஞ்சாச்சு. மார்னிங்கெல்லாம் எப்பவோ போயாச்சு. வெளிய போய் ஒழுங்கா வா."

அவன் வெளியே போனான். வேன் ஜன்னல்களில் தலைகள் நெருக்கியடித்தன. மறுபடி படியேறினான்.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ் இக்னேஷியா. எல்லாருக்கும் குட் ஆஃப்டர்நூன்."

கடையே ஒரே குரலில் பதில் சொன்னது. டொமினோக் கட்டை மேஜையில் விழுந்தது. இக்னேஷியா மட்டும் பதில் சொல்லாமல் கல்லாவைத் துணியால் துடைத்தபடி இருந்தாள்.

"நீ ஐஸுக்கு ஓடி வந்த அன்னிக்குக் காலையிலதான் என் பையன் ப்ரூக்ளினுக்கு பிளேன் ஏறினான்," என்றாள் கடைசியில். "வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆளில்லன்னு கடைய சீக்கிரமாத் திறந்து உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. முதல்ல வந்தவன் நீதான் ஆல்ஸ்டன். ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன்."

ஆல்ஸ்டனுக்குச் சோட்டேஸ் பாறையில் வருகிற அழுகை குவாவிலேயே வந்துவிட்டது.

"பானைய நீங்களே வந்து அடுக்கணும், மிஸ் இக்னேஷியா," என்றான்.

"பின்ன, உன் கையில குடுத்துடுவேனா? கல்யாணப் பேச்சு காதுல விழுந்த அன்னிக்கே தேச்சுக் கவுத்து வச்சாச்சு. பின்பக்கம் கிடக்கு, தூக்கு."

டொமினோக்காரர்கள் கைகொடுக்க, பானை வேனுக்கு வந்தது. பின்சீட்டுக்காரர்கள் மடியில் வாங்கிக்கொண்டார்கள், தொப்பிக்காரப் பெண்மணியின் தொப்பி அதற்குள் போனது. ஆல்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாவி ஏறி, சாவியைத் திருகி, பானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

யாரும் அசையவில்லை. ஏதோ ஓட்டுநர் இருக்கையே காலியாக இருப்பதுபோல எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

"எல்லாருக்கும் குட் ஆஃப்டர்நூன்," என்றான்.

வேன் அதிரப் பதில் வந்தது. கடை வாசலில் நின்ற இக்னேஷியாவும் அதோடு சேர்ந்து சொன்னாள்.