ஊடலா, துனியா?

கணவர் கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டதால், காலையில் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல்தான் கிளம்பினேன். செய்தி சேனலில் தலைப்பு எழுதுவது என் வேலை. வந்ததும் வராததுமாக ஆசிரியர் கத்தினார்.

"கூட்டணிக் கூட்டத்துலேர்ந்து ஒரு கட்சித் தலைவர் வெளிநடப்பு! 'கூட்டணி முறிந்தது'ன்னு போடும்மா."

திரையில் பார்த்தேன். கோபமாகக் கிளம்பிய அந்தத் தலைவர் வாசலைத் தாண்டவில்லை. மைக்குகளுக்கு நடுவே நின்றபடி, அடிக்கடி உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது முறிவு இல்ல சார். முத்திப்போன சண்டையைத்தான் பழைய இலக்கியத்துல துனின்னு சொல்லுவாங்க. இது வெறும் ஊடல். யாராவது வந்து கூப்பிட மாட்டாங்களான்னு நிக்கிறாரு. அப்படிச் சமாதானம் பேச வர்றவங்களுக்கு 'வாயில்'னே பேரு."

"தப்பாச்சுன்னா என் தலைதான் உருளும்" என்று முணுமுணுத்தபடியே 'கூட்டணியில் ஊடல்' என்று போட்டார்.

மாலைக்குள் ஒருவர் வந்து தலைவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். முறிந்ததாகச் சொன்ன சேனல்களெல்லாம் அசடு வழிந்தன. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, காபி போடவான்னு அண்ணன் கேக்கச் சொன்னாரு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அங்கே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

பழைய கவிதைகளில் இப்படி வரும் வாயிலைத் தலைவி திட்டி அனுப்பிவிடுவாள். அவள் தலைவி. எனக்கோ தலைவலி.

"சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லு" என்றேன்.